டெட்ரிஸ் வழியாக லயிப்பு: வீடியோ கேமில் தன்னை மறந்து ஒன்றுவதற்கு ஒரு வழிகாட்டி

டெட்ரிஸ் என்பது மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கி, வரிசைகளை நிரப்பி நீக்கும் விளையாட்டு. 1989-இல் நின்டெண்டோ நிறுவனம் தன் என்இஎஸ் வீடியோ கேம் கருவிக்காக வெளியிட்ட அதன் அமெரிக்கப் பதிப்பில், 0 என்ற தொடக்க லெவலில் ஒரு கட்டை திரையின் உச்சியிலிருந்து தானாக இறங்கி அடித்தளத்தை அடைய ஏறத்தாழ 16 நொடிகள் ஆகின்றன. 5-ஆம் லெவலில் அதே தூரத்தை அது ஏழரை நொடிகளுக்குச் சற்று மேலான நேரத்தில் கடக்கிறது. 9-ஆம் லெவலில் 2 நொடிகள், 18-இல் ஒரே நொடி, 19-இல் முக்கால் நொடிக்கும் குறைவு, 29-இல் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. விளையாடும்போது தன்னை மறந்து ஒன்றிப்போகும் அனுபவத்தை நாடுகிறவர்களுக்கு முதலில் இந்த எண்களையே காட்ட விரும்புகிறேன். 16 நொடிகளுக்கும் மூன்றில் ஒரு நொடிக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் உங்களுக்கு உரிய வேகம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதிலும், அது நாளுக்கு நாள் நகரும்போது கூடவே நகர்வதிலும்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

உளவியலில் ஃப்ளோ எனப்படும் இந்த அனுபவத்தை இங்கே லயிப்பு என்றே குறிப்பிடுகிறேன். 1934-இல் பிறந்த ஹங்கேரிய அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, தன் ஆய்வின் தொடக்கக் காலத்தில் ஓவியர்களைக் கவனித்தபோது, அவர்கள் பசியையும் களைப்பையும் பொருட்படுத்தாமல் வரைந்துகொண்டே இருந்துவிட்டு, படம் முடிந்த கணத்தில் அதில் அக்கறையை இழந்துவிடுவதைக் கண்டார். கிடைக்கப்போகும் பொருளுக்காக அல்லாமல் செய்கைக்காகவே ஒருவர் ஒன்றைச் செய்வது எப்படி என்ற கேள்வியுடன் சதுரங்க ஆட்டக்காரர்கள், பாறை ஏறுபவர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்கள் எனப் பலரையும் ஆராய்ந்து, 1975-இல் தன் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கவனம் முழுவதும் செயலில் குவிவது, செய்பவர் வேறு செயல் வேறு என்ற எண்ணம் மறைவது, பிறர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அற்றுப்போவது, நேரம் சுருங்குவது அல்லது நீளுவது ஆகியவை அவர்கள் அனைவரின் பேச்சிலும் திரும்பத் திரும்ப வந்தன. அந்நிலை வாய்ப்பதற்கு அவர் கண்ட நிபந்தனைகள் மூன்று: அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும், சவால் திறமையைவிட மிகக் கூடுதலாகவும் இருக்கக் கூடாது, மிகக் குறைவாகவும் இருக்கக் கூடாது.

இம்மூன்றையும் இவ்வளவு சிக்கனமாக நிறைவேற்றிய விளையாட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணிபுரிந்த அலெக்ஸி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரோனிகா 60 கணினியால் படம் வரையவே இயலாது. அடைப்புக்குறிகளைக் கொண்டுதான் கட்டைகளைக் காட்டினார். கதையோ பாத்திரமோ இல்லை. ஏழே வடிவங்கள், அவற்றைத் திருப்பவும் நகர்த்தவும் சில பட்டன்கள், நிறைந்தவுடன் மறையும் வரிசை, அவ்வளவுதான். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் டெட்ரிஸை வைத்தே அமைந்திருந்தாலும், இசைக்கேற்ப அடிக்கும் விளையாட்டுகளுக்கும் துப்பாக்கி விளையாட்டுகளுக்கும் தாவிச் செல்லும் விளையாட்டுகளுக்கும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

எல்லா விளையாட்டும் இதற்கு ஏற்றதல்ல. தோற்றபின் எத்தனை நொடிகளில் மீண்டும் ஆடத் தொடங்க முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். 2018-இல் வெளியான செலஸ்ட் விளையாட்டில் பாத்திரம் விழுந்து இறந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் எழுந்து நிற்கிறது. அதனால் நூறு முறை இறந்தாலும் கவனம் அறுபடுவதில்லை. மாறாக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையே அரை நிமிட விளம்பரம் காட்டுகிற செல்பேசி விளையாட்டிலும், உயிர்கள் தீர்ந்தால் காத்திரு அல்லது காசு கொடு என்று நிறுத்திவைக்கிற விளையாட்டிலும், லயிப்பு கைகூடும் தறுவாயில் கதவு சாத்தப்படுகிறது. அவை உங்களை மறுபடி மறுபடி வரவழைப்பதற்காக அமைக்கப்பட்டவை. ஒரே அமர்வில் ஆழ்ந்துபோக விடுவது அவற்றின் நோக்கத்திலேயே இல்லை. விளம்பரமற்ற பதிப்பை ஒருமுறை விலை கொடுத்து வாங்குவது இந்த விஷயத்தில் வீண்செலவாகாது.

இரண்டாவதாக, தோல்விக்குக் காரணம் நீங்கள்தான் என்பது உங்களுக்கே புரிகிற விளையாட்டாக அது இருக்க வேண்டும். பழைய டெட்ரிஸில் நீண்ட கட்டை பல முறை வராமலே போவதுண்டு. புதிய பதிப்புகளில் ஏழு வடிவங்களும் ஒரு பையில் போட்டு எடுத்ததுபோல ஏழுக்கு ஒருமுறை கட்டாயம் வந்துவிடுகின்றன. தொடக்க ஆட்டக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது புதியதையே. ஏனெனில் அதில் அதிர்ஷ்டத்தின் மீது பழிபோட வழி குறைவு, பழிபோடும் மனம் ஆட்டத்தை விட்டு ஏற்கெனவே வெளியேறிவிட்ட மனம்.

கைக்குப் பழக வேண்டும்

எந்தப் பட்டன் எதற்கு என்று யோசிக்கிற வரையில் லயிப்பு வராது. முதல் சில நாட்களை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது. அந்த நாட்களில் சுகம் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டையையும் இரு திசைகளிலும் திருப்பிப் பழகுங்கள். இடச்சுவரை ஒட்டியும் வலச்சுவரை ஒட்டியும் வையுங்கள். குறிப்பாக எஸ், இசட் வடிவக் கட்டைகள் நிமிர்ந்து நிற்கும்போது எந்த நெடுவரிசையில் விழும் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிய வேண்டும். பட்டன் அமைப்பையும் தொடுதிரையின் உணர்திறனையும் ஒருமுறை தீர்மானித்தபின் மாற்றாதீர்கள். தோற்கும்போதெல்லாம் அமைப்புகளுக்குள் சென்று எதையாவது திருகுகிறவர்களின் கை எதையும் பழகிக்கொள்வதில்லை.

கை பழகுவது சிந்தனையிலிருந்து விடுதலை பெறுவதற்காக மட்டுமன்று. டேவிட் கிர்ஷ், பால் மக்லியோ ஆகிய ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், டெட்ரிஸ் ஆடுபவர்கள் கட்டையை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தபின் திருப்புவதில்லை, முடிவெடுப்பதற்காகவே திருப்புகிறார்கள் என்று காட்டினார்கள். மனத்துக்குள் ஒரு வடிவத்தைச் சுழற்றிப் பார்ப்பதைவிடத் திரையிலேயே சுழற்றிப் பார்ப்பது விரைவானது என்பதால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் தேவைக்கு மேல் திருப்புவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் கையாலேயே யோசிக்கிறார்கள். ஆகவே கட்டை தோன்றியவுடன் அசைவற்று அமர்ந்து கணக்குப் போடாமல், உடனே தொட்டுத் திருப்பத் தொடங்குங்கள். செய்கையும் எண்ணமும் ஒன்றாகிற உணர்வு பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் வழியாகவே உள்ளே வருகிறது.

உங்கள் வேகத்தைக் கண்டறிதல்

இப்போது முதன்மையான பணிக்கு வருவோம். ஐந்து நிமிடம் தோற்காமல் ஆட முடிகிற ஒரு லெவலில் தொடங்குங்கள். அடுத்த ஆட்டத்தை ஒரு லெவல் உயர்த்தித் தொடங்குங்கள். அதற்கடுத்ததை இன்னொன்று உயர்த்துங்கள். செய்த தவறைச் சரிசெய்வதற்குள் அடுத்த தவறு நிகழ்ந்துவிடுகிற லெவல் ஒன்று வரும். அதிலிருந்து ஒரு படி இறங்கினால் அதுவே இன்றைக்கு உங்கள் இடம். இன்றைக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்; வேலை முடிந்து களைத்து வந்த மாலையில் அந்த இடம் ஒரு படியோ இரண்டு படியோ கீழே இருக்கும், நன்றாகத் தூங்கி எழுந்த விடுமுறை நாள் காலையில் மேலே இருக்கும். நேற்று 9-இல் ஆடியவர் இன்று 7-இல் தொடங்குவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. 9-இலேயே பிடிவாதமாக உட்கார்ந்து எரிச்சலுடன் எழுந்துபோவதுதான் வீண்.

சரியான இடத்தில் இருக்கிறீர்களா என்பதற்கு டெட்ரிஸ் ஓர் அளவுகோலையும் தானே தருகிறது. அது அடுக்கின் உயரம். திரையில் 20 வரிசைகள் உள்ளன. அடுக்கு எப்போதும் நான்கு வரிசைக்குள் அடங்கியிருக்கிறது, உங்கள் மனம் இரவு உணவைப் பற்றியும் நாளைய வேலையைப் பற்றியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் வேகம் போதவில்லை. அடுக்கு பதின்மூன்று, பதினான்கு வரிசைக்கு மேலேயே நிற்கிறது, தோள்கள் காதை நோக்கி ஏறிவிட்டன, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வேகம் அதிகம். அடுக்கு உயர்வதும் நீங்கள் அதை இறக்குவதுமாக நடுப்பகுதியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதே நல்ல அறிகுறி. துல்லியமான விதியன்று, நடைமுறைக் கணிப்புதான்; ஆனால் அடுக்கைப் பார்த்தே ஓர் ஆட்டக்காரரின் மனநிலையைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வேகம் பொருந்துவதன் விளைவை ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த கேட் ஸ்வீனியும் அவருடைய சக ஆய்வாளர்களும், மாணவர்களிடம் அவர்களுடைய தோற்றக் கவர்ச்சியைப் பிறர் மதிப்பிடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, முடிவுக்காகக் காத்திருக்கும் அந்தச் சங்கடமான நேரத்தில் டெட்ரிஸ் ஆடவிட்டனர். சிலருக்கு மிக மெதுவான ஆட்டம், சிலருக்கு மிக வேகமானது, சிலருக்கு அவரவர் திறமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஆட்டம். மூன்றாம் வகையினரே லயிப்பைக் கூடுதலாக உணர்ந்தனர். காத்திருப்பின் கலக்கமும் அவர்களுக்கே குறைவாக இருந்தது. மூன்று குழுவினருக்கும் கிடைத்தது ஒரே விளையாட்டு என்பதைக் கவனியுங்கள். எந்த விளையாட்டு என்பதைவிட எந்த வேகம் என்பது பெரிது.

வேகத்தைத் தவிர இன்னொரு திருகும் உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. என்இஎஸ் பதிப்பின் 0 லெவலில் ஒரு வரிசையை நீக்கினால் 40 புள்ளிகள். நான்கு வரிசைகளை நீண்ட கட்டையால் ஒருசேர நீக்கினால் 1200. அதாவது, ஒவ்வொன்றாக நான்கு வரிசை நீக்கியவருக்கு 160, துணிந்து காத்திருந்தவருக்கு அதைப்போல ஏழரை மடங்கு. இந்த வேறுபாட்டைக் கொண்டு நீங்களே சவாலைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆட்டம் மெதுவாக இருந்து அலுப்புத் தட்டும்போது, வலப்பக்கத்து நெடுவரிசையை வெறுமையாக விட்டு, நான்கு நான்காக மட்டுமே நீக்குவேன் என்று முடிவுசெய்யுங்கள். மெதுவான லெவலே திடீரென்று கடினமாகிவிடும். வேகம் கூடித் திணறும்போது அந்த ஆசையைக் கைவிட்டு, கிடைக்கிற வரிசையை எல்லாம் ஒன்றும் இரண்டுமாக நீக்குங்கள். விளையாட்டு உங்களுக்கு எதிராகச் சவாலை ஏற்றிக்கொண்டே போவதாக நினைப்பவர்கள் உண்டு. சவாலின் ஒரு கைப்பிடி எப்போதும் ஆடுபவரிடமும் இருக்கிறது.

அந்தக் கைப்பிடி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 29-ஆம் லெவலின் வரலாறே சான்று. பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் அந்த லெவலில் கட்டை சுவரை எட்டுவதற்குள் விழுந்துவிடும் என்பதால், அதுவே ஆட்டத்தின் முடிவு என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது. பின்னர் பட்டனை அழுத்திப் பிடிக்காமல் அதிவேகமாகத் தட்டும் முறை பரவியது. அதன்பின் பட்டனின் மேல் ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் பின்புறத்தை மற்றக் கையின் விரல்களால் அடுத்தடுத்துத் தட்டும் முறை வந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் லெவல் வரை சென்று, விளையாட்டு நிரலையே உறைந்து நிற்கச் செய்தான். மூன்றில் ஒரு நொடி என்பது பெரும்பாலோருக்குப் பேரழிவு. அவனுடைய கைகளுக்கோ அது ஆடத்தக்க வேகம்.

கண்ணை எங்கே வைப்பது

புதியவர்கள் விழுந்துகொண்டிருக்கும் கட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழகியவர்களின் கண் அடுக்கின் மேற்பரப்பிலும், அடுத்த கட்டையைக் காட்டும் பெட்டியிலும் மாறி மாறி நிற்கிறது. கையில் இருக்கும் கட்டையைக் கை பார்த்துக்கொள்கிறது. இப்படிக் கண் ஒரு கட்டை முன்னால் செல்லத் தொடங்கும்போதுதான், தனித்தனிக் கட்டைகளாக இருந்த ஆட்டம் இடையறாத ஓட்டமாக மாறுகிறது. இதைப் பழக, மெதுவான லெவலில் ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொள்ளுங்கள்: அடுத்த கட்டைக்கும் ஓரிடம் மனத்தில் குறித்தபின்னரே கையில் உள்ளதை இறக்குவது. தொடக்கத்தில் இது தலையைச் சுற்ற வைக்கும். சில நாட்களில் குறிக்கிறோம் என்பதே தெரியாமல் குறித்துவிடுவீர்கள்.

புள்ளிகள் ஏறும் பெட்டியின் பக்கம் மட்டும் கண் போக வேண்டாம். அந்த எண்ணைப் பார்க்கும் கணத்தில், ஆடிக்கொண்டிருந்தவர் மறைந்து, முந்தைய சாதனையை முறியடிப்போமா என்று கணக்கிடும் இன்னொருவர் வந்து அமர்ந்துகொள்கிறார். தொலைக்காட்சியிலோ கணினியிலோ ஆடுபவர்கள் அந்த மூலையில் ஒரு சிறு தாளை ஒட்டி மறைத்துவிடலாம். கேலிக்குரியதாகத் தோன்றினாலும் நன்றாக வேலைசெய்கிற உத்தி அது. இலக்கு வேண்டும்தான், ஆனால் அது அடுத்த சில நொடிகளுக்குள் நிறைவேறக்கூடியதாக இருக்கட்டும்: கட்டைகளுக்கு அடியில் ஓட்டை விழாமல் அடுக்குவது, மேற்பரப்பைச் சமமாக வைத்திருப்பது, வலப்பக்கத்து இடைவெளியைக் காப்பது. இத்தகைய இலக்குகளுக்குப் பலன் ஒவ்வொரு கட்டையிலும் தெரிந்துவிடுகிறது. மொத்தப் புள்ளிக்கோ ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

கருவியும் அறையும்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை, ஆனால் தாமதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படம் நிற்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. பட்டனை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையே அதைப்போலப் பல மடங்கு தாமதம் சேர்ந்துவிட்டால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஆட்டம் கைக்கு அடங்காததுபோல இருக்கும். தொலைக்காட்சியில் ஆடுபவர்கள் அதன் அமைப்புகளில் உள்ள கேம் மோடை இயக்குங்கள். படத்தை அழகுபடுத்தும் வேலைகளை அது நிறுத்திவிடுவதால் தாமதம் கணிசமாகக் குறையும். புளூடூத் ஒலிக்கருவிகளில் ஒலி பிந்தி வருவது வழக்கம் என்பதால், இசைக்கேற்ப ஆடும் விளையாட்டுகளுக்குக் கம்பி இணைப்புள்ள இயர்போனே உகந்தது. செல்பேசி சூடேறினால் அதன் வேகம் தானாகக் குறையும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆடாமலிருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு நீங்கும்.

செல்பேசியிலேயே ஆடுபவர்களுக்குப் பெரிய எதிரி அந்தச் செல்பேசிதான். குடும்பக் குழுவிலிருந்து வரும் ஒரு காலை வணக்கப் படம் திரையின் மேல்விளிம்பில் எட்டிப்பார்த்தால் போதும், கால் மணி நேரமாகச் சேர்ந்த கவனம் கலைந்துவிடும். அறிவிப்புகளை முழுவதும் நிறுத்துங்கள். அவசர அழைப்புக்கு உரிய ஓரிரு எண்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். வீட்டில் இருப்பவர்களிடம் எவ்வளவு நேரம் என்று முன்னதாகச் சொல்லிவிடுவது மரியாதை மட்டுமன்று. எந்த நேரமும் யாராவது கூப்பிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு மனத்தின் ஒரு காதை அறைக்கு வெளியிலேயே வைத்திருக்கும். தண்ணீர் குடித்துவிட்டு, கழிவறைக்குப் போய்வந்து, முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள்.

உள்ளே நுழைதலும் தவறிலிருந்து மீள்தலும்

முதல் ஆட்டத்திலேயே லயிப்பு வாய்ப்பது அரிது. கையும் கண்ணும் இணங்கிவர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டங்கள் மோசமாக முடிந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் வேகத்தைவிட இரண்டு லெவல் கீழே தொடங்கி, ஆட்டமே உங்களை மேலே கொண்டுசெல்லும்படி விடுவது நல்ல வழி. டெட்ரிஸின் பல பதிப்புகளில் பத்து வரிசைக்கு ஒருமுறை லெவல் தானாகவே உயர்ந்துவிடும். இப்போது லயித்துவிட்டேனா, இன்னும் இல்லையா என்று உள்ளே எட்டிப்பார்ப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஆட்டத்துக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. அவர் நிற்கும்வரை மற்றவர் உள்ளே போக முடியாது. கேள்வி எழுந்தால் அதனுடன் வாதாடாமல், அடுத்த கட்டை எது என்று பாருங்கள். ஆட்டம் முடிந்து கடிகாரத்தைப் பார்த்து வியக்கும்போதுதான் அது நிகழ்ந்திருந்தது என்பதே பெரும்பாலும் தெரியவரும்.

தவறு நேர்ந்தே தீரும். ஒரு கட்டை பிசகி, கீழே ஓட்டை விழுந்தவுடன் பெரும்பாலோரின் மனம் அந்த ஓட்டையிலேயே சிக்கிக்கொள்கிறது. அடுத்த மூன்று கட்டைகளையும் பதற்றத்தில் பிசகவிட்டு, ஒரு சிறு தவறைப் பெருந்தோல்வியாக்கிக்கொள்கிறார்கள். தேர்ந்தவர்கள் அந்த நேரத்தில் ஓட்டையை உடனே திறக்க முயல்வதில்லை. மேலே உள்ள வரிசைகளை ஒன்றிரண்டாக நீக்கி, அடுக்கைத் தாழ்த்தி, மூச்சுவிட இடம் பண்ணிக்கொண்டபின், வாய்ப்பு வரும்போது ஓட்டையைக் கவனிக்கிறார்கள். நான்கு வரிசைக் கனவு அந்த அரை நிமிடத்துக்குக் கிடையாது. மீட்சிக்கென்று இப்படி ஒரு நிலையான நடைமுறை கையில் இருந்தால், தவறும் ஆட்டத்தின் பகுதியாகி, கவனம் அறுபடாமல் தொடர்கிறது. அப்படியும் கோபம் தலைக்கேறி அடுத்தடுத்த ஆட்டங்கள் குட்டையாகிக்கொண்டே போனால், இரண்டு லெவல் இறங்குங்கள்; இறங்க மனம் வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள்.

மற்ற விளையாட்டுகளில்

லெவல் எண்ணைத் தெளிவாகக் காட்டாத விளையாட்டுகளில் இதே தேடலை வேறு வழிகளில் செய்ய வேண்டியிருக்கும். செலஸ்டில் உள்ள உதவி முறையில் ஆட்டத்தின் வேகத்தைப் பத்துப் பத்து விழுக்காடாகப் பாதி வரை குறைக்கலாம்; அதைப் பயன்படுத்துவதை வெட்கமாகக் கருதுகிறவர்கள் லயிப்பைவிடக் கௌரவத்தையே தேடுகிறார்கள் என்பேன். 2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 போன்றவை, நீங்கள் திணறினால் எதிரிகளைச் சற்றே தளர்த்தியும் சிறப்பாக ஆடினால் கடுமையாக்கியும் இந்த வேலையை உங்களுக்குத் தெரியாமலேயே செய்துவிடுகின்றன.

இணையத்தில் பிறருடன் மோதும் விளையாட்டுகளில் சவால் எதிராளியின் வடிவில் வருகிறது. இயற்பியல் பேராசிரியர் ஆர்பட் ஏலோ சதுரங்கத்துக்காக வகுத்து, 1970-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி முறையின் வாரிசுகளே இன்றைய ஆட்டங்களில் எதிராளியைப் பொருத்திவைக்கின்றன. அவை சரியாக வேலைசெய்தால் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் நீங்கள் தோற்பீர்கள். அது முறையின் குறையன்று, சவாலும் திறமையும் பொருந்தியிருப்பதன் அடையாளம். ஆனால் தரவரிசையில் ஏறும் இறங்கும் அந்த எண், டெட்ரிஸின் புள்ளிப் பெட்டியைவிடப் பன்மடங்கு கெட்ட கவனச்சிதறல். லயிப்புக்காக ஆடும் நாட்களில் தரவரிசை சேராத ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதும், அறிமுகமற்றவர்களின் குரல் அரட்டையை நிறுத்திவைப்பதும் நல்லது. நண்பர்களுடன் குழுவாக ஆடும்போது பேச்சு சுருக்கமாக, ஆட்டத்தைப் பற்றியதாகவே இருந்தால், ஒருவரின் கவனம் மற்றவரையும் தொற்றிக்கொள்வதை உணரலாம்.

லயிப்பும் மயக்கமும்

நேரம் போனது தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து லயிப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. லாஸ் வேகஸில் சூதாட்ட இயந்திரங்களின் முன் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் நடாஷா டௌ ஷூல், அவர்களும் நேரத்தையும் உடலையும் சுற்றியிருப்பவர்களையும் மறந்துபோகிற ஒரு நிலையைப் பற்றியே பேசுவதைப் பதிவுசெய்திருக்கிறார். வெல்வதுகூட அங்கே இரண்டாம்பட்சமாகி, அந்த மறதி நீடிப்பதே குறிக்கோளாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். ஆட்டத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுகள் விளைவை மாற்றுகின்றனவா? சென்ற மாதத்தைவிட இந்த மாதம் உங்கள் திறமை கூடியிருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், பெட்டியைத் திறந்து பரிசு பார்ப்பது, சக்கரத்தைச் சுழற்றுவது, நாள்தோறும் வந்து வருகையைப் பதிவுசெய்வது ஆகியவற்றில் கழிந்த மணிகளாக அவை இருக்கக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பகுப்பில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமல் போவதும், வேலை, படிப்பு, உறவுகள் பாழாவது தெரிந்தும் தொடர்வதும், வழக்கமாக 12 மாதங்களாவது நீடிப்பதும் அதன் அடையாளங்கள்.

நிறுத்தும் நேரத்தை லயிப்பில் இருக்கும்போது தீர்மானிக்க முடியாது என்பதால், தொடங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். கடிகார மணியை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை. அது ஆட்டத்தின் நடுவே அடிக்கும், இந்த ஆட்டம் மட்டும் என்று நீங்களும் அதை அணைத்துவிடுவீர்கள். ஆட்டத்துக்குள்ளேயே இயல்பான முடிவு உள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது மேல். என்இஎஸ் பதிப்பின் பி வகை ஆட்டம் 25 வரிசைகளை நீக்கியதும் முடிந்துவிடும். புதிய பதிப்புகளின் ஸ்பிரிண்ட் ஆட்டத்தில் 40 வரிசைகள். இத்தனை சுற்று என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டால், கவனம் தானாகத் தளரும் இடத்திலேயே எழுந்துகொள்ள முடியும்.

இரவில் ஆடுபவர்கள் கடைசிச் சுற்றுக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், டெட்ரிஸ் ஆடியவர்களில் பலருக்கு உறக்கம் வரும் தறுவாயில் கட்டைகள் விழும் காட்சி கண்முன் தோன்றியது. நினைவிழப்பு நோயால் தாங்கள் ஆடியதையே மறந்துவிட்ட சிலருக்கும் அது தோன்றியது. அந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு திரையை எடுக்காமல், பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, மொட்டை மாடியில் நடப்பது என்று கையையும் காலையும் அசைக்கிற ஏதேனும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடியபின்னும் கட்டைகள் விழுந்துகொண்டே இருந்து தூக்கம் தள்ளிப்போகிறது என்றால், மறுநாள் ஆட்டத்தை மாலைக்கு மாற்றிவிடுங்கள்.